ஆதிமூலம் எங்கேயும் போய்விடவில்லை

ஓவியர் கே.எம். ஆதிமூலத்தைப் பற்றித் தமிழில் யார் பேசினாலும் ஒரு கதை தவறாமல் வந்துவிடுகிறது. அந்தக் கதைப்படி அவர் இரண்டு பேர். முதலாமவர் பேனாவும் கறுப்பு மையும் கொண்டு காந்தியை வரைந்தவர், மகுடமும் உடம்பும் சிதைந்த மகாராஜாக்களை வரைந்தவர், கி. ராஜநாராயணனின் கரிசல் மனிதர்களுக்கு முகம் கொடுத்தவர். அவர் நம்மவர். இரண்டாமவர் பெரிய கான்வாஸில் நீலமும் பச்சையும் காவியுமாக எண்ணெய் வண்ணத்தைப் பூசியவர். அவர் அரூபத்துக்குப் போய்விட்டவர். மேற்கத்தியப் பாணிக்குப் போய்விட்டவர். கேலரிகளுக்கும் பணக்கார வரவேற்பறைகளுக்கும் போய்விட்டவர். 2008 ஜனவரியில் அவர் மறைந்த பிறகும் இந்தக் கதை மறையவில்லை. இலக்கியக் கூட்டங்களில் அவருடைய கோட்டோவியத்தைப் பேனரில் போட்டுவிட்டு, வண்ண ஓவியங்களை ஒரு பெருமூச்சோடு கடந்து போகிறார்கள்.

இந்தக் கதையை நான் முழுவதுமாக மறுக்கிறேன். கோட்டில் எந்த நிலத்தில் நின்றாரோ அதே நிலத்தில்தான் அவர் வண்ணத்திலும் நின்றார். நான் இருப்பது விழுப்புரம் மாவட்டத்தில், பிரம்மதேசம் பக்கம். எண்ணாயிரம், எசாலம், பனமலை என்று கல்வெட்டும் பாறையும் ஏரியும் அடுத்தடுத்து வரும் பகுதி. ஆதிமூலத்துக்கும் இந்த ஊர்களுக்கும் தனிப்பட்ட உறவு இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அவருடைய வண்ண ஓவியங்களில் எந்த ஊர் நிலமும் இல்லை என்று சொல்பவர்களுக்குப் பதில் சொல்ல, நன்றாகத் தெரிந்த ஒரு நிலத்தைத்தானே சாட்சிக்கு அழைக்க முடியும்?

முதலில் காலக்கணக்கைப் பார்த்துவிடுவோம். ஆதிமூலம் 1938-ல் திருச்சி மாவட்டம் துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் பிறந்தார். ஒருபுறம் கொல்லிமலை, மறுபுறம் பச்சைமலை. சென்னைக்கு வந்து, சிற்பி எஸ். தனபாலின் ஆதரவில், கே.சி.எஸ். பணிக்கர் பொறுப்பிலிருந்த அரசு ஓவியக் கல்லூரியில் படித்து 1966-ல் வெளியே வந்தார். 1969-ல் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்கள் பெரும் பெயர் வாங்கித் தந்தன. 1970-களிலேயே வண்ணத்தில் உருவங்கள் கரைந்து, வெளியே பொருளாகிவிட்ட ஓவியங்கள் வரத் தொடங்கிவிட்டன. சரி, கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு வரைந்த, எல்லோரும் கொண்டாடும் படங்கள் எப்போது வந்தன? அந்தத் தொடர் வெளிவந்த ஜூனியர் விகடன் தொடங்கியதே 1983-ல்தான்.

அதாவது, அவர் போய்விட்டதாகச் சொல்லப்படும் காலத்துக்குப் பிறகுதான் அந்தக் கிழவர்களும் கிழவிகளும் கருவேல மரங்களும் அவர் பேனாவிலிருந்து வந்தார்கள். கோட்டை அவர் ஒருநாளும் கைவிடவில்லை. பகலில் கான்வாஸ் முன்னால் நின்ற அதே மனிதர்தான் சிற்றிதழ்களுக்கு அட்டை வரைந்தார், கவிதைத் தொகுப்புகளுக்குத் தலைப்பெழுத்து எழுதினார், நாடகக்காரர்களோடும் எழுத்தாளர்களோடும் உட்கார்ந்து பேசினார். இரண்டு ஆதிமூலங்களும் ஒரே காலத்தில் ஒரே கையால் வேலை செய்திருக்கிறார்கள். 'முதலில் இது, பிறகு அது' என்று வரிசைப்படுத்துவதற்கே இடமில்லாதபோது, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தடம் மாறினார் என்று எப்படிச் சொல்வது?

காசுக்காக வண்ணத்துக்கு மாறினார் என்பது இதே கதையின் கொச்சையான வடிவம். 1970-களின் சென்னையில் அரூப ஓவியத்தை வாங்க யார் இருந்தார்கள்? 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர்கள் சோற்றுக்காகப் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள். ஓவியம் மட்டுமே வரைந்து பிழைக்க முடியாது என்பது அந்தத் தலைமுறை முழுவதற்கும் தெரிந்திருந்தது. ஆதிமூலமும் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தார். இந்திய ஓவியச் சந்தை சூடுபிடித்ததெல்லாம் 1990-களுக்குப் பிறகு. இருபது வருடம் கழித்து வரப்போகும் சந்தைக்காக ஒருவர் முன்கூட்டியே பாணியை மாற்றிக்கொண்டார் என்று நம்புவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

பணக் குற்றச்சாட்டை விட்டுவிடலாம். இந்தக் கதையின் உண்மையான வேர் வேறு இடத்தில் இருக்கிறது. நிலம் என்றால் எப்படி இருக்கும் என்று நாம் மனதில் வைத்திருக்கிற படத்தில் இருக்கிறது.

பள்ளிக்கூட ஓவியப் போட்டிகளுக்கு நடுவராகக் கூப்பிடுவார்கள், போவேன். 'இயற்கைக் காட்சி வரைக' என்று தலைப்பு கொடுத்தால் முக்கால்வாசித் தாள்களில் ஒரே படம்தான். இரண்டு முக்கோண மலைகள். நடுவில் பாதிச் சூரியன். அங்கிருந்து வளைந்து வளைந்து வரும் நீல ஆறு. கரையில் ஒரு தென்னை, ஒரு ஓட்டு வீடு. வானத்தில் டிக் அடித்ததுபோல் நாலு பறவை. செஞ்சியில் படிக்கிற பிள்ளையும் இதைத்தான் வரைகிறது. அந்தப் பிள்ளை தலையைத் திருப்பினால் ராஜகிரி தெரியும். முக்கோணம் எங்கே இருக்கிறது அதில்? உருண்டைப் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும் மலை அது. இடுக்கெல்லாம் புதர். காலையில் சாம்பல், உச்சி வெயிலில் வெளுப்பு, சாயங்காலம் காவி, மழையில் நனைந்தால் கறுப்பு. நீல ஆறும் அங்கே கிடையாது. சங்கராபரணி வருடத்தில் பல மாதம் மணலாகத்தான் கிடக்கிறது.

இத்தனை வருடம் பார்த்த மலையை விட்டுவிட்டு, ஒருநாளும் பார்க்காத மலையை ஏன் அந்தப் பிள்ளை வரைகிறது? ஓவியம் என்றால் அதுதான் என்று நாம் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அந்த முக்கோண மலை பனி மூடிய தேசத்து மலை. காலண்டரிலும் பாடப்புத்தகத்திலும் சுவரொட்டியிலும் வந்து நம் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டது. அதை யாரும் அந்நியம் என்று சொல்வதில்லை. அதை வரைந்தால் கைதட்டி முதல் பரிசு கொடுக்கிறோம். காவியும் சாம்பலும் பச்சையும் அடுக்கடுக்காக வைத்து, உண்மையில் கண்ணில் பட்ட நிலத்தை வைத்தவரைப் பார்த்து 'இது நம்ம ஊரா?' என்று கேட்கிறோம்.

பனமலைக்குப் போயிருக்கிறீர்களா? ஏரி நிரம்பியிருக்கும் தை மாதத்தில், தாளகிரீஸ்வரர் கோயில் நிற்கும் பாறையில் ஏறிக் கீழே பாருங்கள். முதலில் தண்ணீர்; வானத்தின் நிறத்துக்கு ஒரு படி மங்கலான நீலச் சாம்பல். கரையை ஒட்டிப் பனைமரங்களின் கறுப்பு வரிசை. அதற்கப்பால் ஆயக்கட்டு. நேற்று நட்ட வயல் ஒரு பச்சை. பால் பிடிக்கும் வயல் வேறு பச்சை. கரும்புத் தோட்டத்தின் பச்சையில் சாம்பல் கலந்திருக்கும். அறுத்த வயலில் தாளின் மஞ்சள். மல்லாட்டைக்கு உழுது போட்ட மேட்டுநிலம் செக்கச் செவேல் என்று. அவ்வளவு உயரத்திலிருந்து வரப்பு தெரியாது. ஒரு நிறம் முடிந்து இன்னொரு நிறம் தொடங்குவது மட்டும் தெரியும். ஆள் தெரியமாட்டார், மாடு தெரியாது. பங்குனி கடைசியில் மறுபடி வாருங்கள். ஏரி வற்றி, வண்டல் வெடித்து, நீலம் இருந்த இடத்தில் கரம்பையின் கருஞ்சாம்பல் கிடக்கும். இதே இடம்தான், ஆனால் இன்னொரு ஓவியம்.

இதைப் பார்த்த கண்ணோடு ஆதிமூலத்தின் வண்ண ஓவியம் ஒன்றின் முன்னால் நில்லுங்கள். பாளம் பாளமாக நிறங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டும் இருக்கும். அடிவானம் இருப்பதுபோல் தோன்றும், தேடினால் பிடி கொடுக்காது. அது வெறும் அலங்காரம் என்று உங்களுக்குத் தோன்றாது. இந்த வெயிலை, இந்த ஈரத்தை எங்கோ பார்த்திருக்கிறோமே என்றுதான் தோன்றும்.

இங்கே எதிர்த்தரப்பில் கொஞ்சம் படித்தவர்கள் இன்னொரு வாதம் வைப்பார்கள். நிலக்காட்சி ஓவியமே நம் மரபில் இல்லை. நாம் தெய்வத்தையும் அரசனையும் மனிதனையும் வரைந்தவர்கள். வெறும் நிலத்தை வரைவது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. ஆகவே உருவத்தை விட்டு நிலத்துக்குப் போனவர் மரபை விட்டுப் போனவர் என்பார்கள்.

இந்த வாதத்துக்குப் பனமலையிலேயே பதில் இருக்கிறது. அந்தக் கோயிலின் சிறு சன்னதி ஒன்றில், 8-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்மப் பல்லவன் காலத்தில் தீட்டிய தேவியின் ஓவியம் பாதி உதிர்ந்த நிலையில் நிற்கிறது. தலைக்குமேல் குடை, உயர்ந்த மகுடம், சாய்ந்த முகம், ஒரு காலை மடக்கிச் சுவரில் சாய்ந்து நிற்கும் நளினம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும் சிவதாண்டவம் ஏறக்குறைய முழுவதும் அழிந்துவிட்டது. பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நான் கேட்பது வேறு. கோயில் கட்ட இந்தப் பாறையை ராஜசிம்மன் ஏன் தேர்ந்தெடுத்தான்? ஊருக்கு நடுவில் சமதளத்தில் கட்டியிருக்கலாமே. ஏரியும் குன்றும் சேர்ந்த இந்த இடத்தைப் பார்த்து, இதற்குமேல் இன்னின்ன அளவில் ஒரு விமானம் நிற்க வேண்டும் என்று முடிவுசெய்த ஒரு கண் இருந்திருக்கிறது. அந்தக் கண் நிலத்தைப் பார்க்கத் தெரிந்த கண்.

செஞ்சிச் சாலையில் மண்டகப்பட்டுக்கு வாருங்கள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் அங்கே கல்வெட்டில் பெருமையோடு சொல்கிறான். கொண்டுவந்து கட்டிய பொருள் ஒன்றுகூட இல்லை. ஏற்கெனவே இருந்த குன்றே கோயிலாகிவிட்டது. மாமல்லபுரத்துப் பெரும் புடைப்புச் சிற்பத்தில் பாறையின் இயற்கைப் பிளவையே கங்கையாக்கி, அதில் நாகர்களை நீந்தவிட்டார்கள். சித்தன்னவாசல் விதானத்தில் தாமரைக்குளமே ஓவியம். மீனும் அன்னமும் யானையும் எருமையும் பூப்பறிக்கும் ஆட்களும் அந்தக் குளத்துக்குள் அடங்கியவர்கள். இன்னும் பின்னால் போனால், இதே விழுப்புரம் மாவட்டத்தில் கீழ்வாலைப் பாறையில் செங்காவியில் தீட்டிய தொல்பழங்கால உருவங்கள் இருக்கின்றன. நிலத்தை நம் முன்னோர் சட்டத்துக்குள் மாட்டிய காட்சியாக வரையவில்லை, உண்மை. நிலத்தின்மேல் வரைந்தார்கள், நிலத்தையே செதுக்கினார்கள், நிலத்தின் நிறத்தை அரைத்துப் பூசினார்கள்.

இலக்கணத்திலும் இதுதான் நிலைமை. தொல்காப்பியம் முதற்பொருள் என்று நிலத்தையும் பொழுதையும் மட்டுமே சொல்கிறது. மரமும் பறவையும் தெய்வமும் கருப்பொருளில் வரும். மனிதரின் கூடலும் பிரிவும் உரிப்பொருள். கருவையும் உரியையும் நீக்கிவிட்டு முதற்பொருளை மட்டும் எடுத்து ஒரு ஓவியர் வரைந்தால் எப்படி இருக்கும்? ஒரு நிலமும் ஒரு பொழுதும் மட்டும் இருக்கும். ஆதிமூலத்தின் வண்ண ஓவியங்களில் இருப்பதும் அவைதாம். அவர் தொல்காப்பியத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரைந்தார் என்று நான் சொல்லவில்லை. தமிழ் மனம் நிலத்தைத் தனியே, மனிதருக்கு முன்னாலேயே, நினைத்துப் பார்க்கப் பழகிய மனம். அப்படிப்பட்ட மொழியில் உட்கார்ந்துகொண்டு, ஆள் இல்லாத நிலத்தை வரைந்தால் அது மேற்கத்தியம் என்று சொல்வது நம்முடைய சொத்தை நாமே அடுத்தவர் பெயருக்கு எழுதிக்கொடுப்பது.

இனி கோட்டுக்கும் வண்ணத்துக்கும் வருவோம். காந்தி ஓவியங்களில் ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். முகத்தைச் சுற்றி அழுத்தமாக ஒரு எல்லைக்கோடு போட்டுவிட்டு உள்ளே நிரப்பும் பழக்கம் அங்கே இல்லை. சிறிய சிறிய கோடுகள் ஒரு பக்கம் நெருங்கி இருட்டாகின்றன, இன்னொரு பக்கம் விலகி வெளிச்சமாகின்றன. நெற்றி என்று நாம் பார்ப்பது பேனா படாத தாளின் வெள்ளை. மகாராஜாக்களில் இது இன்னும் தீவிரம். மகுடமும் மார்புக் கவசமும் மீசையும் ஒன்றாகப் பின்னி, அரித்துப்போய், மழையும் வெயிலும் தின்ற பாறையாக அந்த உடம்பு நிற்கிறது. கரிசல் கிழவரின் கன்னத்துச் சுருக்கத்துக்கும் பின்னால் வெடித்துக் கிடக்கும் மண்ணுக்கும் அதே பேனா அசைவுதான். உருவம் வரைந்த காலத்திலேயே அவர் நிலத்தைத்தான் வரைந்துகொண்டிருந்தார் என்பது என் கட்சி. முகம் அவருக்கு ஒரு நிலம். அதில் மேடும் பள்ளமும் வறட்சியும் ஈரமும் இருந்தன.

வண்ண ஓவியத்திலும் அப்படியே கிட்டப் போங்கள். தூரத்திலிருந்து இரண்டு பெரிய நிறங்கள் முட்டுவதாகத் தெரியும் இடத்தில், பக்கத்தில் போனால் அடியில் பூசிய மூன்றாவது நிறம் ஒரு கீற்றாக எட்டிப் பார்க்கும். மேல்பூச்சு சுரண்டுபட்ட இடத்தில் பழைய அடுக்கு தெரியும். கோடு காணாமல் போகவில்லை. நிறத்துக்கும் நிறத்துக்கும் நடுவே போய் நிற்கிறது. தறியைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று வைத்து நெய்தால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் இரண்டிலும் இல்லாத ஒரு நிறம் மினுங்கும். நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்த ஒருவருடைய கண்ணுக்கு இந்த மினுக்கம் அன்றாடச் சங்கதி. அவருடைய ஓவியத்தைப் பாரிஸில் தேடுபவர்கள் ஒருமுறை தறிமேடைக்குப் போய்ப் பார்க்கலாம்.

பிறகு ஏன் இத்தனை நாள் தமிழ் வாசகருக்குக் கோட்டு ஆதிமூலம் மட்டும் நெருக்கமானார்? இதற்கு ஒரு காரணம் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. அச்சு. சிற்றிதழ்கள் அச்சான காலத்தில் கோட்டோவியத்துக்கு ஒரு லைன் பிளாக் எடுத்தால் போதும். மட்டமான தாளிலும் கறுப்பு மை பளிச்சென்று விழும். வண்ண ஓவியத்துக்கு நிறத்துக்கு ஒரு பிளாக் எடுக்க வேண்டும். நல்ல தாள் வேண்டும். சந்தா பாக்கியில் ஓடும் பத்திரிகைக்கு அது நினைத்துப் பார்க்கக் கூடாத செலவு. அந்தக் கையிருப்பில் எது அச்சாகுமோ அது நம்மிடம் வந்து சேர்ந்தது. அச்சாக முடியாதது சென்னையிலேயே தங்கிவிட்டது. வந்து சேர்ந்ததை நம்முடையது என்றும் வராததை அந்நியம் என்றும் பிரித்துக்கொண்டோம். ஒரு ஓவியரைப் பற்றிய நம் தீர்ப்பை, அழகியல் எதையும் கேட்காமல், நம் அச்சகங்களின் வசதிக் குறைவு எழுதியிருக்கிறது.

எதிர்த்தரப்பின் ஒரே ஒரு குறையை மட்டும் நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். விகடனில் வந்த படத்தை விக்கிரவாண்டி டீக்கடையில் உட்கார்ந்திருந்தவரும் பார்த்தார். வண்ண ஓவியத்தை அவர் பார்க்கவே இல்லை. அது சென்னையிலும் டில்லியிலும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தொங்கியது. இது பெரிய குறை, வலிக்கிற குறை. ஆனால் ஓவியம் எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்பதை வைத்து அது யாருடையது என்று முடிவுகட்ட முடியாது. மாவட்டத் தலைநகரங்களில் நவீன ஓவியத்துக்கு ஒரு நல்ல காட்சிக்கூடம் கட்டாதது ஆதிமூலம் செய்த தவறா?

காட்டினாலும் புரியாது என்பார்கள். மக்களுக்கு அரூபம் புரியாது என்று மக்கள் பெயரால் பேசுகிறவர்கள், அந்த மக்களிடம் கேட்டதில்லை. நெல் போடுகிற எங்கள் பகுதி விவசாயிகள் பலர் கையில் 'இலை வண்ண அட்டை' என்று ஒன்று உண்டு. வேளாண் பல்கலைக்கழகமும் விரிவாக்க அலுவலர்களும் கொடுத்தது. வெளிர்ப் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டை பட்டையாக நிறங்கள். வேறு படம் எதுவும் அதில் இல்லை. இலையை அதன்மேல் வைத்து, எந்தப் பட்டையோடு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் பச்சைக்குக் கீழே போனால் யூரியா போடு, மற்ற ரகங்களுக்கு நாலாம் பச்சைக்குக் கீழே போனால் போடு என்பது கணக்கு. நேர் வெயிலில் பார்த்தால் ஏமாற்றும் என்று தன் உடம்பின் நிழலில் வைத்துப் பார்ப்பார்கள். மூன்றாம் பச்சைக்கும் நாலாம் பச்சைக்கும் உள்ள வித்தியாசத்தில் அந்தப் போகத்தின் விளைச்சலே அடங்கியிருக்கிறது என்று தெரிந்தவரிடம் போய், நிறத்துக்கு அர்த்தம் இருக்கிறது என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. புரியாது என்ற தடுப்பைப் போட்டவர்கள் நடுவில் நிற்கும் நாம்தான்.

இடதுசாரி நண்பர்கள் வைக்கும் கண்டனம் இதைவிடக் கனமானது. நிலத்தை வெட்டி விற்றுக்கொண்டிருக்கிறார்கள். திண்டிவனம், வானூர், திருவக்கரைப் பக்கம் குன்றுகள் ஜல்லியாகி லாரி ஏறிக்கொண்டிருக்கின்றன. இந்த நேரத்தில் ஆளும் இல்லாமல் சண்டையும் இல்லாமல் நிலத்தின் நிறத்தை மட்டும் தீட்டுவது தப்பித்தல் இல்லையா என்று கேட்கிறார்கள். அக்கறையிலிருந்து வரும் கேள்வி என்பதால் மரியாதையோடு பதில் சொல்கிறேன். அந்தக் குன்றுகள் போனதை எத்தனை பேர் கவனித்தோம்? திண்டிவனம் சாலையில் தினமும் பஸ்ஸில் போகிற நமக்கு, போன வருடம் அங்கே நின்ற பாறையின் வடிவம் நினைவிருக்கிறதா? மலை என்றால் முக்கோணம் என்று பழகிய கண்ணுக்கு ஒரு குறிப்பிட்ட பாறை காணாமல் போனது தெரியவே தெரியாது, ஏனென்றால் அது அந்தப் பாறையை ஒருநாளும் பார்த்ததில்லை. திருவக்கரையில் சுமார் இரண்டு கோடி வருடங்களுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. புவியியல் துறை வேலி போட்டுக் காப்பாற்றுகிற இடம். வேலிக்கு வெளியே உள்ள நிலத்துக்கு அப்படி யாரும் கிடையாது. அதன் நிறத்தையும் மேடுபள்ளத்தையும் வெட்டுக்காயத்தையும் தனித்தனியே அறிந்த கண்கள் ஊரில் பெருகினால்தான் அதற்காகக் கேள்வி கேட்க ஆள் வரும். ஓவியம் மனு எழுதாது. மனு எழுத வேண்டியவருக்கு எதைப் பற்றி எழுதுகிறோம் என்று தெரிய வேண்டாமா?

கடைசியாக, பல ஊடகங்களில் கை வைத்தவர் எதிலும் ஆழமாகப் போகவில்லை என்ற பேச்சு. இதற்கு நீளமான பதில் தேவையில்லை. மண்டகப்பட்டுக் குன்றைக் குடைந்த அதே மகேந்திரவர்மனுக்குச் சித்திரகாரப்புலி என்று பட்டம். 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற நாடகத்தை எழுதியவனும் அவனே. சிதறிப்போனவன் என்று அவனை எந்த வரலாற்றாசிரியரும் எழுதவில்லை. நம் காலத்தில் ராம்குமார் இந்தியில் சிறுகதை எழுதினார், மனித உருவங்களை வரைந்தார், காசிக்குப் போய்வந்த பிறகு உருவமற்ற நிலக்காட்சிகளுக்கு வந்து சேர்ந்தார். சோழமண்டலத்திலிருந்து பாரிஸுக்குப் போன விசுவநாதன் ஓவியத்தோடு நிற்காமல் மணலையும் நீரையும் பொருளாக்கித் திரைப்படம் எடுத்தார். நிலத்தை உண்மையாகப் பார்க்கத் தொடங்கியவர்களுக்கு ஒரு கருவி போதாமல் போவது இயல்பு. பாறையின் வெடிப்புக்குப் பேனா வேண்டும். ஏரித் தண்ணீருக்கு எண்ணெய் வண்ணம் வேண்டும். ஆதிமூலம் இரண்டையும் வைத்திருந்தார். எழுத்துக்கும் துணிக்கும்கூட அவரிடம் கை இருந்தது. அது அவருடைய பலம்.

ஆகவே, ஆதிமூலத்தைப் பற்றி எழுதப்போகிறவர்களிடமும் மேடையில் பேசப்போகிறவர்களிடமும் என் வேண்டுகோள் இது: 'பிறகு அவர் அரூபத்துக்குப் போய்விட்டார்' என்ற வாக்கியத்தை இனி விட்டுவிடுங்கள். அவர் நினைவாக மலர் போடுகிறவர்கள் கோட்டோவியத்துக்குப் பக்கத்திலேயே வண்ண ஓவியத்தையும் நல்ல தாளில் அச்சிடுங்கள். இன்றைக்கு அதற்கு ஆகும் செலவு ஒரு பேனருக்கு ஆகும் செலவுதான். அசல் ஓவியங்களை வைத்திருப்பவர்கள் வருடத்தில் ஒரு மாதமாவது அவற்றை விழுப்புரம், திருச்சி போன்ற ஊர்களுக்கு அனுப்புங்கள். பள்ளிக்கூட ஓவிய ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த போட்டியில் பிள்ளைகளை வகுப்புக்குள் உட்காரவைத்து 'இயற்கைக் காட்சி' வரையச் சொல்லாதீர்கள். தாளையும் வண்ணத்தையும் கொடுத்து ஏரிக்கரைக்கு அழைத்துப் போங்கள். முக்கோண மலை வரைந்த தாளுக்கு முதல் பரிசு கொடுப்பதை இந்த வருடத்தோடு நிறுத்துங்கள்.